யாழ்ப்பாணக் குடாநாட்டில் வாழும் சஹராவி மக்கள்

கனகாம்பிகை ஒரு கடிதத்தின் அடியில் முதன்முதலாகத் தன் சொந்தப் பெயரை எழுதிக் கையெழுத்திட்டபோது அவருக்கு அறுபது வயது. அதற்கு முந்திய இருபத்தேழு வருடங்களாக அவர் கடிதம் எழுதிக்கொண்டுதான் இருந்தார். கையெழுத்துகள் மட்டும் வேறு ஆட்களுடையவை.

யாழ்ப்பாணக் கச்சேரி என்ற மாவட்ட அரசாங்க அலுவலகத்தில் தட்டெழுத்தாளராக இருந்தவர். 1989இல் லண்டனுக்கு வந்து, மிச்சம் என்ற பகுதியில் ஒரு ஆரம்பப் பள்ளியின் சமையலறையில் வேலைக்குச் சேர்ந்தார். கணவர் சற்குணம் பஸ் ஓட்டினார். 1996இல் ஊரில் இருந்த கனகாம்பிகையின் தம்பி மாதவனை ஒரு இராணுவச் சோதனைச் சாவடியில் பஸ்ஸிலிருந்து இறக்கிக் கூட்டிக்கொண்டு போனார்கள். இருபத்திநாலு வயது. கூட்டிக்கொண்டு போனவர்களிடம் தாய் போய்க் கேட்டபோது, தாங்கள் யாரையும் கூட்டிக்கொண்டு போகவில்லை என்றார்கள். அந்தக் கிழமைதான் கனகாம்பிகை பழைய தட்டெழுத்து இயந்திரம் ஒன்றைத் தேடி வாங்கி, சாப்பாட்டு மேசையில் வைத்தார்.

பிறகு அவர் எங்கள் அமைப்புக்கு வந்து சேர்ந்தார். தென்மேற்கு லண்டன் தமிழர் மனித உரிமை நடுவம் என்று பெயர். மாதத்தின் முதல் ஞாயிறு, சட்டனில் ஒரு தேவாலயத்துக்குப் பின்னால் உள்ள மண்டபத்தில் கூடுவோம். மொத்தம் பதினொரு பேர். அதில் ஒன்பது பேருக்குப் பதவி உண்டு. பதவி இல்லாதவர்கள் இரண்டு பேர், நானும் கனகாம்பிகையும். நான் ஒன்றும் செய்வதில்லை என்பதால் எனக்குத் தரவில்லை. அவர் எல்லாவற்றையும் செய்தார், ஆனால் பதவிகளைப் பங்கிட்ட அன்று அவர் குசினியில் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

கடிதங்களை அவர் எழுதுவார். தலைவர் யோகராஜா கையெழுத்திடுவார். அதற்கென்றே யோகராஜாவிடம் ஒரு தடித்த பேனா இருந்தது. கடிதம் எதைப் பற்றியது என்று அவர் கேட்டு நான் கண்டதில்லை. எங்கே கையெழுத்து வைப்பது என்று மட்டும் கேட்பார்.

பதில்களும் வரும். வைட்ஹோலில் உள்ள ஒரு பெரிய அரசாங்க அலுவலகத்திலிருந்து, நல்ல தடித்த தாளில், முத்திரையோடு வரும். எல்லாம் ஒரே பதில்தான். உங்கள் கடிதத்துக்கு நன்றி, மனித உரிமைகளை நாங்கள் மிக முக்கியமாகக் கருதுகிறோம், நிலைமையை உன்னிப்பாக அவதானித்து வருகிறோம். கனகாம்பிகை அவற்றைத் திகதி வாரியாக அடுக்கி வைத்தார். அலுமாரியில் தன் சட்டைகளுக்கு இடமில்லாமல் போன அன்று சற்குணம் கேட்டார்.

“இவ்வளவு காலமா அவதானிச்சுக்கொண்டிருந்தால் அவையளுக்குக் கண் நோகாதோ?”

“பகிடியை விடுங்கோ. ஆரோ ஒருத்தர் வாசிக்கிறபடியால்தானே பதில் வருது.”

அவர் அதை உண்மையாகவே நம்பினார்.

இரண்டு வருடங்களுக்கு முன், செப்ரெம்பரில், அந்தப் பள்ளிச் சமையலறைக்கு எம்பார்க்கா என்றொரு பெண் வேலைக்கு வந்தாள். முப்பது வயதிருக்கும். மேற்குச் சகாராவில் லாயூன் என்ற நகரத்தில் பிறந்து, ஸ்பெயினில் சில வருடங்கள் இருந்து, அங்கிருந்து லண்டனுக்கு வந்தவள். இருவரும் பேசியது சமையலறை ஆங்கிலம். கனகாம்பிகை அதை எனக்குத் தமிழில்தான் சொன்னார். அப்படியே எழுதுகிறேன்.

வந்த இரண்டாம் கிழமை, தக்காளிப் பெட்டி ஒன்றைத் திறக்கப் போன எம்பார்க்கா திறக்காமல் அதன் பக்கத்தில் ஒட்டியிருந்த துண்டை வாசித்துக்கொண்டு நின்றாள்.

“என்ன பிள்ளை, பழுதோ?”

“இல்லை ஆன்ட்டி. இது எங்கட நாட்டில விளைஞ்சது. இந்தச் சின்ன எழுத்தில இருக்கிறது எங்கட கரையோரத்து ஊரின்ர பேர்.”

“பெரிசா மொறோக்கோ எண்டெல்லோ போட்டிருக்கு?”

“அதுதான் எங்கட பிரச்சினை,” என்றாள் எம்பார்க்கா.

வெங்காயம் வெட்டுகிற நேரத்துக்குள் அவள் மிச்சத்தையும் சொல்லிவிட்டாள். 1975இல் ஸ்பெயின்காரர் விட்டுப் போனார்கள். மொறோக்கோ உள்ளே வந்தது. யுத்தம் நடந்தது. பாதிச் சனம் அல்ஜீரியாவில் அகதி முகாமில், மீதிச் சனம் உள்ளே. 1991இல் யுத்த நிறுத்தம் வந்தது. யாரோடு இருப்பது என்று மக்களே வாக்களித்துத் தீர்மானிக்கலாம் என்றார்கள். அந்த வாக்கெடுப்பை நடத்த ஐ.நா. ஆட்கள் வந்து இறங்கினார்கள். வந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள், வாக்கெடுப்பைத்தான் காணவில்லை.

“உம்மட அம்மா, ஆக்கள் எல்லாம்?”

“அங்கதான். நான் போய் மூண்டு வருசம். தக்காளி கிழமைக்கு ஒருக்கா வருது.”

சமையலறைப் பொறுப்பாளருக்கு இந்த உரையாடல் பிடிக்கவில்லை. தக்காளியில் அரசியல் வேண்டாம், பன்னிரண்டு மணிக்குப் பாஸ்தா வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். இருநூற்றுப் பத்துப் பிள்ளைகள் அன்று அந்தப் பாஸ்தாவைச் சாப்பிட்டார்கள்.

நவம்பரில் எம்பார்க்கா மூன்று நாள் வேலைக்கு வரவில்லை. நாலாம் நாள் வந்தபோது அழுது முகம் வீங்கியிருந்தது. அவளுடைய தம்பி சாலெக், வயது இருபத்தாறு, லாயூனில் பள்ளி ஆசிரியர். தெருவில் சில பெண்கள் பதாகை பிடித்து நின்றதையும், பொலிஸ் வந்து அவர்களைக் கலைத்ததையும் தன் போனில் படம் பிடித்திருக்கிறான். அடுத்த நாள் விடிய, கதவைத் தட்டிக் கொண்டுபோய்விட்டார்கள். எங்கே என்று இரண்டு கிழமையாகத் தெரியவில்லை.

கனகாம்பிகை ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

“கொண்டுபோனவை என்ன சொல்லினம்?”

“தாங்கள் ஒருத்தரையும் கொண்டுபோகேல்லையாம்.”

கனகாம்பிகை கையிலிருந்த கத்தியை வைத்துவிட்டு, ஏப்ரனைக் கழற்றி, குளிர்சாதன அறைக்குள் போய்ச் சிறிது நேரம் நின்றுவிட்டு வந்தார். வந்து, “அவன்ர முழுப் பேரையும் பிறந்த திகதியையும் எழுதித் தாரும்,” என்றார்.

டிசம்பர் முதல் ஞாயிறு, நடுவத்தின் கூட்டத்தில் கனகாம்பிகை முதன்முறையாகத் தானாக எழுந்து நின்றார். அதற்கு முன் பொதுச்செயலாளர் குருமூர்த்தி புதிய பதாகையைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசியிருந்தார். பதாகையில் ‘உரிமை’ என்பதற்கு ‘உறிமை’ என்று அச்சாகியிருந்தது. திருப்பி அடிப்பதா, றகரத்தின் மேல் துணி ஒட்டுவதா என்பதில் சபை இரண்டாகப் பிரிந்திருந்தது.

சாலெக்கின் கதையைக் கனகாம்பிகை ஐந்து நிமிடத்தில் சொன்னார். நடுவத்தின் பெயரில் ஒரு கடிதம் போக வேண்டும் என்றார்.

“சகாராவிலயோ?” என்றார் குருமூர்த்தி. “அங்க ஆக்கள் இருக்கினமோ? நான் வெறும் மண் எண்டெல்லோ நினைச்சனான்.”

“இருக்கினம் அண்ணை. அவையளுக்குச் சஹராவிகள் எண்டு பேர்.”

“அவையள் எங்கட பிரச்சினைக்கு ஏதும் குரல் குடுத்தவையோ?”

“அவையளின்ர குரலே வெளியில வாறேல்லை. பிறகெப்பிடி எங்களுக்குக் குடுக்கிறது?”

யோகராஜா தொண்டையைச் செருமினார். ஜெனீவாவுக்குப் பத்து முறை போய்வந்தவர். ஒவ்வொரு முறையும் ஏரிக்கரையில் நின்று எடுத்த படம் ஒன்று எங்கள் எல்லோருக்கும் அனுப்பியவர்.

“தங்கச்சி, நீங்கள் உணர்ச்சிவசப்படக் கூடாது. இது ராஜதந்திரம். நாளைக்கு ஜெனீவாவில எங்கட தீர்மானம் வாக்கெடுப்புக்கு வரேக்க, மொறோக்கோ எங்களுக்கு வோட் போட வேண்டிய நிலைமை வரலாம். அந்த நேரம் அவையள் கோவிச்சால்?”

“இதுவரைக்கும் அவை எங்களுக்குப் போட்டிருக்கினமோ அண்ணை?”

“போடேல்லை. ஆனால் போடக்கூடும் எண்ட நிலைமையை நாங்கள் கெடுக்கக் கூடாது.”

விடயத்தை ஆராய ஒரு உபகுழு அமைப்பதென்று முடிவாயிற்று. கை தூக்கச் சொன்னார்கள். பத்துக் கைகள் உயர்ந்தன. அதில் ஒன்று என்னுடையது. ஏன் தூக்கினேன் என்று இன்றுவரை எனக்கு நானே சொல்லிக்கொள்ளும் காரணம், மற்ற எல்லோரும் தூக்கினார்கள் என்பதுதான். உபகுழு இதுவரை கூடவில்லை.

கனகாம்பிகை பஸ் ஏறி வீட்டுக்குப் போனார். மறுநாள் வேலை முடிந்து வந்து கணினியில் உட்கார்ந்தார். புதிதாக என்ன எழுதுவது? இருபத்தேழு வருடமாக எழுதிய கடிதம் ஒன்று இருந்தது. மாதவனுக்காக எழுதியது. அதைத் திறந்தார். மாதவன் என்ற இடத்தில் சாலெக் என்று மாற்றினார். தமிழ் மக்கள் என்ற இடத்தில் சஹராவி மக்கள் என்று மாற்றினார். நாட்டை மாற்றினார், வருடத்தை மாற்றினார், சோதனைச் சாவடியை வீட்டு வாசலாக மாற்றினார். மற்றது எதையும் மாற்றத் தேவைப்படவில்லை. கூட்டிக்கொண்டு போனது, தாயார் போய்க் கேட்டது, இல்லை என்று சொன்னது எல்லாம் அப்படியே பொருந்தியது.

அடியில் யோகராஜாவின் பெயரை அழித்தார். தன் பெயரை எழுதினார். கையெழுத்து வைத்துப் பார்த்தபோது அது வங்கிப் படிவத்தில் வைக்கிற கையெழுத்து மாதிரி இருந்தது. பரவாயில்லை என்று தபாலில் போட்டார்.

ஆறு கிழமைக்குப் பிறகு பதில் வந்தது. நல்ல தடித்த தாள். கனகாம்பிகை அதைச் சற்குணத்துக்கு உரக்க வாசித்தார்.

“உங்கள் கடிதத்துக்கு நன்றி. யாழ்ப்பாணக் குடாநாட்டில் வாழும் சஹராவி மக்களின் நிலைமையை நாங்கள் உன்னிப்பாக அவதானித்து வருகிறோம்.”

சற்குணம் தேநீர்க் கோப்பையை இறக்கி வைத்தார். “எங்க வாழுகினமாம்?”

கனகாம்பிகை தன் கடிதத்தின் பிரதியை எடுத்துப் பார்த்தார். மூன்றாவது பந்தியில், அவர் மாற்ற மறந்துபோன ஓரிடத்தில், யாழ்ப்பாணக் குடாநாடு அப்படியே இருந்தது. அந்த அலுவலகம் அதைப் பத்திரமாகத் தூக்கித் தன் பதிலில் வைத்திருந்தது.

“அப்ப எங்கட சந்தையில ஒட்டகம் நிக்கும்,” என்றார் சற்குணம்.

கனகாம்பிகை சிரிக்கத் தொடங்கினார். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். சற்குணமும் சிரித்தார். பிறகு தான் மட்டும்தான் சிரித்துக்கொண்டிருப்பதைக் கவனித்து நிறுத்தினார். கனகாம்பிகை மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஒருத்தரும் வாசிக்கேல்லை என்னப்பா,” என்றார். “தம்பியின்ர கடிதங்களையும் வாசிக்கேல்லை.”

சற்குணம் வேடிக்கையான மனிதர்தான். அன்று அவர் எழுந்து போய் மனைவிக்கு இன்னொரு தேநீர் போட்டார்.

மூன்றாம் நாள் கனகாம்பிகை எம்பார்க்காவையும் கூட்டிக்கொண்டு, அந்தப் பதிலைப் பையில் வைத்துக்கொண்டு வெஸ்ட்மின்ஸ்டருக்குப் போனார். மேல்சபையில் முதிய பிரபு ஒருவர் இருந்தார். எங்கள் பொங்கல் விழாக்களுக்குத் தவறாமல் வருவார். மனித உரிமை பற்றி மூன்று நிமிடம் பேசி, வடை பற்றி இருபது நிமிடம் பேசுவார். போகும்போது அவருக்கு வடை பொதிந்து கொடுப்பவர் கனகாம்பிகை. அவர் பெயர் பிரபுவுக்குத் தெரியாது. ஆனால் முகத்தைக் கண்டதும் எழுந்து நின்றார்.

கனகாம்பிகை தாளை நீட்டினார். பிரபு வாசித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி வாசித்தார். வாய்விட்டுச் சிரித்தார். பிறகு எம்பார்க்காவைப் பார்த்து இது யார் என்று கேட்டார். அவள் தம்பியின் படத்தைக் காட்டினாள். கிழவர் சிரிப்பதை நிறுத்தினார்.

அடுத்த கிழமை மேல்சபையில் எழுத்து மூலமான கேள்வி ஒன்று பதிவாயிற்று. யாழ்ப்பாணக் குடாநாட்டில் எத்தனை சஹராவி மக்கள் வாழ்வதாக அரசாங்கம் மதிப்பிட்டுள்ளது? அவர்களை எவ்வாறு அவதானித்து வருகிறது? அவதானிக்கும்போது சாலெக் என்ற ஆசிரியரைக் காண நேர்ந்ததா?

ஒரு பத்திரிகை அதைப் பெட்டிச் செய்தியாகப் போட்டது. ஒட்டகம் ஒன்று பனைமரத்தடியில் நிற்கும் கேலிச்சித்திரமும் போட்டது. நாற்பத்தெட்டு வருடமாக ஒரு மக்கள் கூட்டம் தன் நிலத்தைக் கேட்டு நின்றதற்கு அசையாத இடம், ஒரு ஒட்டகப் படத்துக்கு அசைந்தது. இரண்டு நாளில் அந்த அலுவலகத்திலிருந்து கனகாம்பிகைக்குத் தொலைபேசி வந்தது. இளம் அதிகாரி ஒருவன். மிகவும் மன்னிப்புக் கேட்டான். நேரில் வந்து பேச முடியுமா என்றும் கேட்டான்.

அவர்கள் போனார்கள். மூன்று வகை பிஸ்கட் வைத்திருந்தார்களாம். அதிகாரி மறுபடி மன்னிப்புக் கேட்கத் தொடங்கினான்.

“மன்னிப்பு வேண்டாம் தம்பி,” என்றார் கனகாம்பிகை. “நான் பிழை விட்டனான். நீங்கள் அதைப் பாத்து எழுதினீங்கள். அது போகட்டும். இந்தப் பிள்ளையின்ர சகோதரன் எங்க எண்டு மொறோக்கோக்காரரிட்டப் பேர் சொல்லிக் கேளுங்கோ. நிலைமை எப்பிடி எண்டு கேக்க வேண்டாம். சாலெக் எங்க எண்டு கேளுங்கோ.”

அவன் எழுதிக்கொண்டான். வேறு ஏதாவது உண்டா என்று கேட்டான். கேட்க வேண்டும் என்பதற்காகக் கேட்ட கேள்விதான்.

“இன்னொரு பேர் இருக்கு,” என்றார் கனகாம்பிகை. “மாதவன். 1996.”

“அந்த வருடம் நான் பிறக்கவில்லை,” என்றான் அதிகாரி. பிறகு அதையும் எழுதிக்கொண்டான்.

அந்தச் சந்திப்புக்குப் பிறகு ஏழாம் கிழமை லாயூனில் சாலெக்கின் தாயாரிடம் ஒரு சிறையின் பெயரைச் சொன்னார்கள். அது ஒன்பது மணித்தியாலப் பயணத் தூரத்தில் இருந்தது. பத்து நிமிடம் மகனைப் பார்க்க விட்டார்கள். பிறகு ஒரு வழக்கு நடந்தது, ஒரு தீர்ப்பும் வந்தது. பொது ஒழுங்கைக் குலைத்த குற்றத்துக்குப் பதினொரு மாதம். அதில் பாதிக்கு மேல் ஏற்கெனவே கழிந்துவிட்டது. அந்த ஒக்டோபரில் அவனை விட்டார்கள். வேலை போய்விட்டது. வலது காதில் கேட்பது குறைந்திருந்தது.

மாதவனைப் பற்றியும் ஒரு பதில் வந்தது. இந்த விடயத்தை உன்னிப்பாக அவதானித்து வருகிறார்கள்.

நவம்பரில் நடுவத்தின் ஆண்டு இராப்போசனம் மிச்சம் பகுதியில் நடந்தது. உபகுழு கூடாமலே அதன் பணி வெற்றி பெற்றுவிட்டதாக யோகராஜா அறிவித்தார். “எங்கட நடுவத்தின்ர கை இண்டைக்கு யாழ்ப்பாணத்திலயிருந்து சகாரா வரைக்கும் நீண்டிருக்கு!” என்றார். நீண்ட கைதட்டல். கனகாம்பிகைக்குப் பொன்னாடை போர்த்தி, பன்னாட்டுப் பிரிவு இணைப்பாளர் என்ற பதவியும் கொடுத்தார்கள். இதோடு நடுவத்தில் பதவி இல்லாத ஆள் நான் ஒருவன்தான். துணி ஒட்டிய பதாகை மேடைக்குப் பின்னால் தொங்கியது.

பிரதம விருந்தினராக எம்பார்க்காவை அழைத்திருந்தார்கள். மெல்ஃபா என்று அவர்கள் சொல்லும் நீளத்துணி ஒன்றை உடம்பு முழுக்கச் சுற்றி வந்திருந்தாள். குருமூர்த்தி அவளுக்கு ‘வணக்கம்’ சொல்லப் பழக்கி, மேடையில் சொல்ல வைத்து, படம் எடுத்தார். இரண்டு நிமிடம் பேசலாம் என்றார். அவள் நிதானமான ஆங்கிலத்தில் பேசினாள்.

“எங்கள் ஊரில் ஐ.நா. இருக்கிறது. வெள்ளை வாகனங்களில் போவார்கள். யுத்த நிறுத்தத்தைப் பார்ப்பது அவர்களுடைய வேலை. யாராவது சுட்டால் குறித்துக்கொள்ளலாம். ஆனால் என் தம்பியின் வீட்டுக் கதவைத் தட்டினால் குறித்துக்கொள்ள முடியாது. மனித உரிமையைக் கண்காணிக்கும் அதிகாரம் அவர்களுக்குக் கொடுக்கப்படவில்லை. வேறு பல ஊர்களில் கொடுத்திருக்கிறார்கள். எங்களுக்கும் கொடுங்கள் என்று வருடா வருடம் கேட்கிறோம். வருடா வருடம் அவர்கள் தங்கியிருக்கும் காலத்தை மட்டும் நீடிக்கிறார்கள். உங்கள் ஊரிலும் ஐ.நா. இருந்ததா?”

மண்டபத்தில் கரண்டிச் சத்தம் நின்றது. 2008 செப்ரெம்பரில், யுத்தத்தின் நடுவே ஐ.நா. கிளிநொச்சியை விட்டு வெளியேறியபோது, அதன் வெள்ளை வாகனங்களின் முன்னால் உட்கார்ந்து, போகாதீர்கள் என்று கெஞ்சிய சனத்தில் ஒருவர் அந்த மண்டபத்திலேயே இருந்தார். குருமூர்த்தியின் மனைவி. அவர் எழுந்து, மேடைப் பக்கம் போய், எம்பார்க்காவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். என்ன செய்வதென்று தெரியாமல் யோகராஜா கைதட்டினார். நாங்களும் தட்டினோம். பிறகு அடுத்த நிகழ்ச்சியாகப் பிள்ளைகளின் பரதநாட்டியம் நடந்தது.

பொறுப்பு ஏற்ற இணைப்பாளரின் முதல் கடமை, அடுத்த விருந்துக்கு மண்டபம் பதிவு செய்வது என்று குருமூர்த்தி அறிவித்தார். கனகாம்பிகை பொன்னாடையை மடித்துப் பக்கத்துக் கதிரையில் இருந்த என்னிடம் கொடுத்தார்.

“இதை வைச்சிருங்கோ அண்ணை, நான் தேத்தண்ணி ஊத்த உதவப் போறன்,” என்றார்.

போன சனிக்கிழமை மத்தியானம் நான் அவர்களுடைய வீட்டில் இருந்தேன். எம்பார்க்காவும் வந்திருந்தாள். சின்னக் கண்ணாடிக் குவளைகளில் சீனி நிறையப் போட்டுத் தேநீர் ஊற்றித் தந்தாள். இரண்டாம் குவளை குடிக்கும்போது தம்பி வீடியோவில் வந்தான். மெலிந்த முகம். இடது காதைப் போனுக்குக் கிட்டக் கொண்டுவந்து கேட்டான். அக்கா மொழிபெயர்த்தாள்.

“நீங்கள்தானாம் அந்தப் பிழை விட்ட ஆன்ட்டி. சிறைக்குள்ளயும் அந்தக் கதை வந்ததாம். எல்லாரும் சிரிச்சவையாம்.”

“சிரிச்சது நல்லம்,” என்றார் கனகாம்பிகை. “சாப்பிடுறானோ எண்டு கேளும்.”

சாப்பிடுகிறானாம். பிறகு அவன் நீளமாக ஏதோ சொன்னான். எம்பார்க்கா உடனே மொழிபெயர்க்கவில்லை. அவன் திருப்பிச் சொன்னான்.

“அவன் இருந்த சிறை அறையில இன்னும் எட்டுப் பேர் இருக்கினமாம் ஆன்ட்டி. வெளியில எழுத ஆளில்லாத ஆக்கள். பேர் தரலாமோ எண்டு கேக்கிறான்.”

சற்குணம் மேசையில் இருந்த பலகாரத் தட்டை நகர்த்தினார். கனகாம்பிகை மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கொப்பியைத் திறந்தார்.

“ஆறுதலாச் சொல்லச் சொல்லும். இந்த முறை ஊரின்ர பேரை முதலில கேளும்.”

சாலெக் முதல் பெயரைச் சொன்னான். கனகாம்பிகை அதை மூன்று தரம் திருப்பிச் சொல்ல வைத்து எழுதினார்.